காரின் முனகலும் அம்மாவின் லைசென்ஸும்

1. மாசி மாதத்து முதல் திங்கட்கிழமை, ஐம்பத்திரண்டு வயதில் லைசென்ஸ் எடுத்த என் அம்மா, முதல் முறையாகத் தனியே காரை ஓட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்.

2. மூன்றாவது வாரம் காரின் முன்பக்கத்திலிருந்து ஒரு முனகல் கேட்கத் தொடங்கியது.

3. முப்பது வருடம் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற என் அப்பா, அம்மா ஓட்டுகிற லட்சணம்தான் காரணம் என்றார்.

4. மெக்கானிக் முன்பக்கத்து ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றினார். முனகல் நிற்கவில்லை.

5. முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப் போட்டார். அப்போதும் நிற்கவில்லை.

6. அப்பா காரை விற்றுவிடுவது என்று முடிவெடுத்தார்.

7. அம்மா எனக்குப் போன் செய்தார்.

8. நான் ஊருக்கு வந்து, எல்லாவற்றையும் முறைப்படி சோதித்து, இடது முன் சக்கரத்து பேரிங்தான் போயிருக்கிறது என்று தாளில் எழுதிக் கொடுத்தேன்.

9. அது தப்பு.

நான் இயந்திரவியல் படித்தவள். திருச்சிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனையில் வேலை பார்க்கிறேன். என் மேசைக்கு வருகிற ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு தாள் உண்டு. தாளில் கட்டங்கள் உண்டு. எல்லாக் கட்டத்திலும் டிக் விழுந்தால்தான் பாகம் வெளியே போகும். இந்தப் பழக்கம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. ஊருக்குக் கிளம்பும்போது பையில் என்னென்ன வைக்க வேண்டும் என்பதற்குக்கூட என்னிடம் பட்டியல் இருக்கிறது. அம்மா அதைப் பார்த்துச் சிரிப்பார். அப்படிப்பட்டவர் அன்று போனில், நலம் விசாரிக்கக்கூட இல்லாமல், "ஏத்தா, காரு சத்தம் போட்டா என்னென்ன பாக்கணும்னு ஒரு லிஸ்ட் போட்டு அனுப்புறியா?" என்று கேட்டார். அந்த வெள்ளிக்கிழமையே பஸ் ஏறினேன்.

எங்கள் வீடு புதுக்கோட்டைக்கும் ஆலங்குடிக்கும் நடுவில் இருக்கிறது. அம்மாவின் பள்ளிக்கூடம் ஆலங்குடியைத் தாண்டி, கீரமங்கலம் போகிற வழியில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. இரண்டு பஸ் மாற வேண்டும். முதல் பஸ் தாமதமானால் இரண்டாவது போய்விடும். இறங்கிய பிறகு ஒன்றரைக் கிலோமீட்டர் நடை. காலை ஏழுக்குக் கிளம்பி மாலை ஆறரைக்குத் திரும்புவதை அம்மா பல வருடங்களாகச் செய்துவந்தார். கார் ஓட்டத் தொடங்கியபின் எட்டரைக்குக் கிளம்பினார், ஐந்து மணிக்கு வீட்டில் இருந்தார். காலையில் பேப்பரை முழுதாகப் படித்துவிட்டுப் போகிறேன் என்று ஒருநாள் சொன்னார். கார் ஓட்டுவதைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான். ஓய்வு பெற இன்னும் எட்டு வருடம் இருந்தது. கார் போனால் எட்டு வருடமும் இரண்டு பஸ்.

அப்பாவையும் குறை சொல்ல முடியாது. முன்பு ஒருமுறை, எதிரே வந்த லாரியின் முன் சக்கரம் கழன்று, இவருடைய பஸ்ஸைத் தாண்டி வயலுக்குள் உருண்டு போனதை நேரில் பார்த்தவர் அவர். அதிலிருந்து சக்கரத்துப் பக்கம் எந்தச் சத்தம் வந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது. "கழண்டு போறதுக்கு முன்னாடி அந்த லாரியும் இப்பிடித்தான் மொனகியிருக்கும்," என்றார் என்னிடம். "ஒங்க அம்மாவ அதுல அனுப்பிட்டு நான் இங்க ஒக்காந்து டீ குடிக்கவா?" புதுக்கோட்டையில் பழைய கார் வாங்கி விற்கிற ஒருவரிடம் பேசியாகிவிட்டது. மறு ஞாயிறு வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். எனக்கு ஒரு வாரமும் கொஞ்சமும் இருந்தது.

வெள்ளி இரவுச் சாப்பாட்டுக்குக் கொள்ளு ரசம். அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, அவர் காட்டில் விளைந்த கொள்ளில் ஒரு சாக்கு கொடுத்துவிட்டிருந்தார். ஒரு மாதமாக ரசம், துவையல், சுண்டல் என்று அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. ரசத்தைக் குடித்தபடியே அப்பா தன் தீர்ப்பை விளக்கினார். புதிதாக ஓட்டுகிறவர்கள் எதிரே வண்டி வந்தால் பயந்து இடது சக்கரத்தை ரோட்டுக்குக் கீழே இறக்கிவிடுவார்கள். ரோட்டு ஓரத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் அரை அடிப் பள்ளம். அப்படி இறக்கி இறக்கித்தான் இடதுபக்கம் அடி வாங்கியிருக்கிறது. அம்மா அவர் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினார்.

சனிக்கிழமை காலை சோதனை ஓட்டம். அம்மா ஓட்டினார். நான் இடதுபக்கம் உட்கார்ந்து மடியில் தாளை வைத்துக்கொண்டேன். அப்பா பின் சீட்டில், இல்லாத பிரேக்கை அவ்வப்போது மிதித்துக்கொண்டு வந்தார்.

காருக்கு வயது இருபது. ஓய்வு பெற்ற வருடம் அப்பா அதைப் பழையதாக வாங்கினார். நாற்பது கிலோமீட்டர் வரைக்கும் அமைதியாகத்தான் போனது. நாற்பத்தைந்தைத் தொட்டதும், நாலு வீடு தள்ளி மாவு மில் ஓடுவதுபோல் முனகல் எழுந்தது. அறுபதில் மில் பக்கத்து வீட்டுக்கு வந்துவிட்டது. அம்மாவிடம், கியரை நியூட்ரலில் போட்டு வண்டியைத் தானாக ஓடவிடச் சொன்னேன். எஞ்சின் அடங்கியது, முனகல் அடங்கவில்லை. எஞ்சினும் கியர்பாக்ஸும் நிரபராதிகள் என்று குறித்துக்கொண்டேன்.

"நியூட்ரல்ல ஓட்டுறதெல்லாம் டிப்போவுல மெமோ குடுக்குற குத்தம்," என்றது பின் சீட்.

"இது டிப்போ இல்லைங்க," என்றார் அம்மா, கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல்.

அடுத்தது வேகத்தடை. அம்மா இரண்டாவது கியருக்கு இறக்கி, நான் எதிர்பார்த்ததைவிட மெதுவாக ஏற்றினார். வலதுபக்கத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம். அப்பா உடனே முன்னால் சாய்ந்து, பார்த்தாயா என்றார். அங்கேதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. வீட்டில் எல்லோரும் ஒரு சத்தம் என்று பேசிக்கொண்டிருந்தது உண்மையில் இரண்டு. சக்கரம் சுற்றும் வேகத்தோடு ஏறி இறங்கும் முனகல் ஒன்று. பள்ளம் மேட்டில் மட்டும் வரும் டொக் இன்னொன்று. முதலாவது சக்கரத்துக்குள்ளிருந்து வருவது, இரண்டாவது சக்கரத்தைத் தாங்கும் கம்பிகளிலும் ரப்பர்களிலும் இருந்து வருவது. இரண்டையும் ஒன்றாகக் கட்டியதால்தான் ஷாக் அப்சார்பரை மாற்ற வேண்டி வந்தது. இதைக் கண்டுபிடித்த பெருமையில், அடுத்த சோதனையில் கவனம் கொஞ்சம் தளர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

ஆலங்குடி தாண்டி, இருபக்கமும் முந்திரி மரங்கள் நிற்கிற நேர் ரோடு. முன்னும் பின்னும் வண்டி இல்லை. ஐம்பதில் வைத்துக்கொண்டு ஸ்டியரிங்கை லேசாக இப்படியும் அப்படியும் ஆட்டச் சொன்னேன். இடதுபக்கம் திருப்பியபோது முனகல் கூடியது. வலதுபக்கம் திருப்பியபோது ஏறக்குறைய காணாமல் போனது. 'இடது: கூடுகிறது' என்று எழுதினேன். என் காதுக்கும் சத்தம் இடதுபக்கத்திலிருந்துதான் வந்தது. அப்பாவும் முந்தின நாளே அதைத்தான் சொல்லியிருந்தார்.

வீட்டு வாசலில் ஜாக்கி போட்டு இடது முன் சக்கரத்தைத் தூக்கினேன். மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். மணிக்கட்டுக்குள் மெல்லிய ஆட்டம் ஒன்று தெரிந்தது மாதிரி இருந்தது. அப்பாவை உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டினேன். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் அதற்குக் கீழே இருக்கிற பந்து மூட்டு. நின்றது. பக்கவாட்டில் பிடித்து ஆட்டினேன்; ஸ்டியரிங் கம்பிகளில் தொந்தரவு இல்லை. பட்டியலில் கடைசி வரி, 'வலதுபக்கத்தையும் தூக்கி ஒப்பிடு.' ஜாக்கியை மாற்றப் போகும்போது அம்மா சாப்பிடக் கூப்பிட்டார். கை கழுவினேன். அந்தக் கட்டத்தில் டிக் போடாமலேயே தாளில் கையெழுத்திட்டு மடித்தேன். தொழிற்சாலையில் இதைச் செய்திருந்தால் என் மேலாளர் என்னை மடித்திருப்பார்.

அப்பா தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். "இடது," என்றார், தனக்குக் கிடைத்த பதக்கத்தைப் படிப்பதுபோல. அம்மா தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் அம்மாவுக்கு உதவ வந்திருந்தேன். எழுதிக் கொடுத்தது அப்பாவின் தீர்ப்புக்கான சான்றிதழ்.

பேரிங் வாங்கி வைத்தாயிற்று. அடுத்த சனிக்கிழமை மூன்று பேரும் ஆலங்குடி ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். மெக்கானிக்குக் கிட்டத்தட்ட என் வயதுதான், இரண்டு மூன்று கூட இருக்கலாம். அப்பாவை அண்ணே என்பார், அம்மாவை டீச்சர் என்பார், என்னைத் தங்கச்சி என்பார். என் தாளை வாங்கி, எண்ணெய்க் கை படாமல் ஓரத்தைப் பிடித்துப் படித்துவிட்டு, இப்படி எல்லாரும் எழுதிக்கொண்டு வந்தால் தான் வாயே திறக்க வேண்டாம் என்றார். இடது சக்கரத்தைக் கழற்றினார். ஒரு கையை மேலே சுருள்வில் மேல் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால், சக்கரம் மாட்டுகிற நடுப்பாகமான ஹப்பைச் சுற்றிவிட்டார். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார்.

"தங்கச்சி, இங்கிட்டு வந்து கைய வையிங்க."

வைத்தேன். சுருள்வில்லில் ஒரு அதிர்வும் இல்லை. ஹப் தண்ணீரில் மிதப்பதுபோல் சுற்றியது.

"இது இன்னும் அஞ்சு வருசம் ஓடும்," என்றார்.

என் முகத்தில் எதுவும் தெரிந்திருக்காது. தெரியாமல் வைத்துக்கொள்ளப் பழகியிருக்கிறேன். உள்ளே மட்டும், முந்திரி மரங்களுக்கு நடுவே போன ரோடு மறுபடி ஓடியது. இடதுபக்கம் திருப்பினால் காரின் எடை வலதுபக்கம் சாயும். பஸ்ஸில் நின்றுகொண்டு போகிற யாருக்கும் தெரிந்த விஷயம். இடது வளைவில் முனகல் கூடினால் நோகிறது வலது சக்கரம். இதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். இரும்பு வழியாகச் சத்தம் எங்கேயும் போகும், காதை நம்பாதே என்றும் படித்திருக்கிறேன். இருந்தும் அப்பாவின் 'இடது' எனக்கு முன்பே காரில் ஏறி உட்கார்ந்திருந்தது.

"அண்ணே, என் தாள் தப்பு. வலது பக்கத்தத் தூக்குங்க," என்றேன்.

அம்மா திரும்பிப் பார்த்தார். அப்பா ஸ்டூலிலிருந்து எழுந்து வந்தார்.

வலது சக்கரம் கழன்று வந்தது. மெக்கானிக் ஹப்பைச் சுற்றினார். சுருள்வில்லில் கை வைக்கவே தேவையில்லை. மணலை மென்றதுபோல் கரகரத்தது. அவர் விளக்கை எடுத்துக்கொண்டு உள்பக்கம் குனிந்தார். எஞ்சினிலிருந்து சக்கரத்துக்கு வருகிற தண்டு ஹப்புக்குள் நுழையும் இடத்தில், கிரீஸும் மண்ணும் அப்பிக் கறுப்பாக ஒரு வளையம். ஷாக் அப்சார்பர் மாற்றிய அன்றே அதைப் பார்த்ததாகவும், கிரீஸ் கசிந்து மண் ஒட்டியிருக்கிறது என்று நினைத்து விட்டுவிட்டதாகவும் அவராகவே சொன்னார். கத்தியை விட்டு அறுத்தார். அறுந்தது மண் இல்லை. குடம் தூக்குகிறவர்கள் தலையில் வைக்கிற சும்மாடுபோல், இறுக முறுக்கிய வளையம் ஒன்று முழுதாகக் கையோடு வந்தது. தட்டினார். காய்ந்த கொடி, இலை, நெற்று. அதற்குள்ளிருந்து தட்டையாக, பழுப்பாக ஒன்று சிமெண்ட் தரையில் விழுந்து உருண்டு அம்மாவின் செருப்பருகே நின்றது.

மெக்கானிக்தான் முதலில் பேசினார். "டீச்சர், கொள்ளுக் காட்டுக்குள்ள எறக்கி ஓட்டுனீங்களா?"

அம்மா குனிந்து அதை எடுத்தார். விரல் நுனியில் வைத்து, பிள்ளைகளின் பரீட்சைத் தாளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

எங்கள் பக்கத்தில் கொள்ளு, உளுந்து எல்லாம் களத்தில் அடிப்பதைவிட ரோட்டில் அடிப்பதுதான் சுலபம். பிடுங்கிக் காயவைத்த செடியைத் தார் ரோட்டில் பரப்பிவிட்டால், போகிற வருகிற வண்டியெல்லாம் ஏறி மிதித்துத் தரும். மோட்டார் சைக்கிள்காரர்கள் திட்டிக்கொண்டே போவார்கள். பஸ் வந்தால் கொண்டாட்டம். அப்பா பஸ் ஓட்டிய காலத்தில், வழியில் நிற்கிறவர்கள் கை காட்டினால், ஒதுங்காமல் சரியாக நடுவில் ஏற்றிக் கொடுப்பார் என்று அவருக்கு நல்ல பேர் இருந்தது. அத்தை ஊர் ரோடு உள்ரோடு. அதில் காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ், அவ்வளவுதான். தை மாதக் கடைசி சனிக்கிழமை, அம்மா தனியாக ஓட்டத் தொடங்குவதற்குச் சில நாள் முன்பு, அப்பா காரை எடுத்துக்கொண்டு அக்காவைப் பார்த்து வருகிறேன் என்று போயிருந்தார். திரும்பி வந்தபோது பின் சீட்டில் ஒரு சாக்கு கொள்ளு.

"எத்தன தடவ ஏத்துனீங்க?" என்று கேட்டார் அம்மா.

"கணக்கு வச்சா ஏத்துனேன்? அக்கா தனியா கம்ப வச்சுக்கிட்டு அடிச்சுக்கிட்டு இருந்துச்சு."

"எத்தன?"

"ஒரு இருவது இருக்கும்."

"போய்ட்டுத் திரும்பி வந்ததையும் சேத்தா?"

அப்பா வளையத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "திரும்பல. எடமில்ல. ரிவர்ஸ்லயே வந்தேன்," என்றார்.

மெக்கானிக் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. பஸ்ஸில் முப்பது வருடம் ஏற்றியிருக்கிறேன், ஒரு கொடி சுற்றியதில்லை என்று அப்பா என்னிடம் முறையிட்டார். பஸ்ஸின் அடிப்பாகம் எவ்வளவு உயரம், இந்தக் காரின் அடிப்பாகம் எவ்வளவு உயரம் என்று சொன்னேன். பஸ்ஸில் முன் சக்கரத்துக்கு எஞ்சினிலிருந்து தண்டு வருவதில்லை, காரில் வருகிறது. கொடியைப் பிடித்து நூல்கண்டுபோல் சுற்றுவது அந்தத் தண்டுதான் என்றும் சொன்னேன். சுற்றிய கொடி பேரிங்கை மூடியிருக்கிற ரப்பர் சீலை அறுத்திருக்கிறது, அறுந்த வழியாகத் தூசி போயிருக்கிறது, தூசி தின்றது பேரிங்கை. வரிசையாகச் சொல்லி முடித்தபோது அப்பா தலையை ஆட்டினார். வரிசையாகச் சொன்னால் அவர் ஒத்துக்கொள்வார்.

"அப்ப நான் ரோட்ட விட்டு எறக்குனதுனால இல்ல," என்றார் அம்மா.

"இல்ல."

"வேகத்தடைல தூக்கிப் போட்டதுனால இல்ல."

"அதான் இல்லன்னுட்டேன்ல."

"இல்ல, அந்தக் கொள்ளத்தானே ஒரு மாசமா ரசம் வச்சுக் குடுத்தேன். அது எனக்குத் தெரிஞ்சிருந்தா கொஞ்சம் பெருங்காயம் கூடப் போட்டிருப்பேன்."

அப்பா சிரித்துவிட்டார். சிரிக்கக் கூடாது என்று கொஞ்ச நேரம் முயன்று பார்த்துவிட்டுத்தான் சிரித்தார்.

எனக்கு இன்னொரு கவலை இருந்தது. நான் வாங்கச் சொன்னது இடதுபக்கத்துக்கு. கேட்டேன். இந்தக் காருக்கு இரண்டு பக்கமும் ஒரே பேரிங்தான் என்றார் மெக்கானிக். என் தாளில் சரியாக இருந்தது அந்தப் பாகத்தின் அளவு மட்டும்தான். பழையதை அழுத்தித் தள்ளவும் புதியதை ஏற்றவும் மதியம் வரைக்கும் ஆனது. தள்ளி எடுத்த பேரிங்கை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். உள்வளையத்தில் குண்டுகள் ஓடும் பாதை அம்மை விழுந்த முகம்போல் இருந்தது. இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் விட்டிருந்தால் அப்பா பயந்தது நடந்தாலும் நடந்திருக்கும் என்று மெக்கானிக் என்னிடம் மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னார். சத்தத்தைக் கண்டு அப்பா பயந்ததில் தப்பில்லை. ஆளைத்தான் தப்பாகப் பிடித்தார்.

திரும்பும்போது அம்மா ஓட்டினார். அறுபதைத் தொட்டபோது மூன்று பேருமே பேச்சை நிறுத்தினோம். டயர் சத்தம், காற்றுச் சத்தம். மாவு மில் இல்லை. வீட்டுக்கு முன்னால் இருக்கிற வேகத்தடையில் டொக் என்றது. அப்பா வாயைத் திறந்து, மூடிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கார் வாங்குகிறவர் சொன்னபடி வந்தார். அவருக்குப் போன் செய்து வர வேண்டாம் என்று சொல்ல அப்பா மறந்துவிட்டார், அல்லது கூச்சப்பட்டார். வந்தவரை உட்காரவைத்து டீ கொடுத்து, காரைச் சுற்றிக் காட்டி, புதிய ஷாக் அப்சார்பரையும் புதிய பேரிங்கையும் பற்றி விரிவாகச் சொன்னார். வந்தவர் நம்பிக்கையோடு சாவியைக் கேட்டார். "சாவி டீச்சர்கிட்ட இருக்கு," என்றார் அப்பா. "அவங்க ஓட்டிக்கிட்டு இருக்காங்க. குடுக்குறதா இல்லைங்க." வந்தவருக்குக் கோபம் வரவில்லை. ஒரு படி கொள்ளு கொடுத்தனுப்பினோம்.

அதே வாரம் அத்தை போன் செய்து, சித்திரையில் உளுந்து பிடுங்கப் போவதாகவும் தம்பி காரோடு வந்தால் வேலை சீக்கிரம் முடியும் என்றும் சொன்னார். அப்பா வருவதாகச் சொன்னார். பஸ்ஸில் வருவதாக.

இன்றைய நிலவரம் இது. வலது முன் பேரிங் புதியது. இடதுபக்கத்துக்குக் குறை இல்லை. வலதையும் இடதையும் தூக்கி ஒப்பிட்டுப் பார்த்து டிக் போட்டிருக்கிறேன். வேகத்தடையில் வரும் டொக், வலது சக்கரத்தைத் தாங்கும் கம்பிகளில் ஒன்றான லிங்க் கம்பியின் மூட்டிலிருந்து வருகிறது. பாகம் இன்னும் வரவில்லை, அவசரமும் இல்லை. கார் வீட்டில் இருக்கிறது. திங்கள் முதல் வெள்ளி வரை, காலை எட்டரைக்கு, அம்மா அதை ஓட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்.